யன்னலால் வந்த பிள்ளை

சிவக்கொழுந்து அக்காவின் மடி அவருக்குச் சொந்தமில்லாமல் போய்ப் பல வருடமாகிறது. காலையில் வீட்டுப் படலையைச் சாத்தும்போது அது அவருடைய மடிதான். பின்னேரம் பஸ்ஸில் ஏறி யன்னல் கரையில் அமர்ந்தாரோ, அது ஊர்ப் பொதுச் சொத்து.

வீடு புங்குடுதீவில், மடத்துவெளியில். வேலை யாழ்ப்பாணப் பட்டினத்தில், ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையின் குசினியில். விடியத் தொடங்கிச் சம்பல் அரைத்து, உழுந்து ஆட்டி, வடை தட்டி, பின்னேரம் குறிகாட்டுவான் படகுத் துறைக்குப் போகும் மினிபஸ்ஸைப் பிடித்தால்தான் வீட்டுக்கு வந்து கால் நீட்டலாம். நாள் முழுக்க நின்ற கால்கள். அதனால் பஸ் நிரம்ப முன்பே போய், வாசல் இருக்கும் இடது பக்கத்தில் தன்னுடைய யன்னல் சீற்றைப் பிடித்துவிடுவார். அதில் வேறு யாரும் இருந்தால் பக்கத்தில் நின்று ஒரு பெருமூச்சு விடுவார். அவர்கள் எழும்பிவிடுவார்கள். அப்படியொரு பெருமூச்சு அது.

தீவுப் பக்கத்து பஸ்களில் இருப்பவர் நிற்பவரின் சுமையை வாங்க வேண்டும். இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. "கொஞ்சம் பிடிக்கிறீங்களோ" என்று யாராவது கேட்டால் ஆள் வெளியூர் என்று தெரிந்துவிடும். நிற்பவர் நீட்டுவார், இருப்பவர் வாங்கி மடியில் வைப்பார், அவ்வளவுதான். நிமிர்ந்து முகம் பார்க்கவும் தேவையில்லை. பார்க்கத்தான் முடியுமா? முகத்துக்கு நேரே யாரோ ஒருவரின் வயிறும், யாரோ ஒருவரின் கைப்பையும் அல்லவா நிற்கும். சிவக்கொழுந்து மனிதரைக் கையை வைத்துத்தான் அறிவார். அவர் மடியில் பள்ளிக்கூடப் பைகள் வந்திருக்கின்றன, பிறந்தநாள் கேக் வந்திருக்கிறது, கால் கட்டிய சேவல் வந்திருக்கிறது. ஒரு முறை ஒரு பெரியவர் தன் பொய்ப்பல்லைக் கைலேஞ்சியில் சுற்றி நீட்டினார், அதையும் வாங்கினார். பிள்ளைகளோ கணக்கில்லை. அழுத பிள்ளை, தூங்கிய பிள்ளை, மடியை நனைத்த பிள்ளை, எல்லாம் வாங்கி, இறங்கும் இடம் வந்ததும் நீண்டு வந்த கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒருநாளும் பிசகியதில்லை.

அந்த பஸ்ஸுக்குள் இத்தனை பேர் இருக்கலாம் என்று சாரதிக்கு மேலே ஒரு தகட்டில் எழுதியிருக்கிறது. எழுதிய மனிதர் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை, அது மட்டும் நிச்சயம். "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடமிருக்கு!" என்று கொண்டக்டர் டெனிஸ்ரன் ஒவ்வொரு தரிப்பிலும் கத்துவான். பின்னுக்கு எங்கே இடம்? பின்பக்க ஏணியில்கூடச் சாக்கும் ஆளும் தொங்கும். டெனிஸ்ரன் நல்ல பெடியன்தான், கைகால் ஏலாதவர்களைத் தூக்கி ஏற்றுவான், ஆனால் அவன் வாயில் அந்தப் பொய் மட்டும் சளைக்காமல் வரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு, இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். வாசலில் நெருக்குப்பட்டு நிற்கும் டெனிஸ்ரனுக்குப் பஸ்ஸின் பின்பக்கம் தெரியாது. தரிப்பில் நின்றவர்கள் ஏறிவிட்டார்களா, யாரும் ஓடி வருகிறார்களா என்று யன்னல் கரையில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "யன்னல் கரை, ரைட்டோ?" என்று அவன் கேட்பான். சிவக்கொழுந்து பார்த்து, "ரைட்" என்பார். அவன் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான், சாரதி இராயப்பு அண்ணை பஸ்ஸை எடுப்பார். இந்த உத்தியோகத்தில் சிவக்கொழுந்துக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "உமக்கும் ஒரு யூனிபோம் தைச்சுத் தரச் சொல்லுமன்" என்று கணவர் குலசிங்கம் பகிடி பண்ணுவார். "பொறாமை" என்று இவர் அவர் வாயை அடைத்துவிடுவார்.

அன்று வெள்ளிக்கிழமை. முந்திய பஸ் வரவேயில்லை. பழுதோ, டீசல் இல்லையோ, யாருக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில். இரண்டு பஸ்ஸின் சனம் ஒரு பஸ்ஸில் ஏறியது. நயினாதீவுக்குப் போகிற கோயில் சனம், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், கந்தோரில் வேலை முடித்தவர்கள். பட்டினக் கரையில் பண்ணையைத் தாண்டும்போதே பஸ் இடது பக்கம் சரிந்துதான் ஓடியது. சிவக்கொழுந்தின் மடியில் மூன்று பைகளும் ஒரு பனையோலைக் கடகமும். மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

மண்கும்பானில் பஸ் நின்றது. நிற்காமல் விட்டிருக்கலாம், ஆனால் தரிப்பில் சனம் கையைக் காட்டிக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டது. "பின்னுக்குப் போங்கோ!" என்ற கத்தல். வாசலில் இடிபாடு. அப்போதுதான் யன்னலால் இரண்டு கைகள் உள்ளே வந்தன. கைகளில் ஒரு பெண் பிள்ளை, மூன்று வயது இருக்கும்.

"அக்கா, பிள்ளையைப் பிடியுங்கோ!"

சிவக்கொழுந்து கடகத்தைத் தள்ளி, பிள்ளையை வாங்கி, பைகளுக்கு மேல் இருத்தினார். வந்த கையை மட்டும் கண்டார். மணிக்கட்டில் கோயில் மஞ்சள் நூல். அதற்கு மேலே, அடுப்பில் சுட்டதோ என்னவோ, மினுங்குகிற ஒரு தழும்பு. கைகள் போய்விட்டன. பிள்ளையை யன்னலால் தந்துவிட்டுத் தாய் வாசலுக்கு ஓடுவது நாளாந்தம் நடப்பதுதானே. இதில் என்ன புதுமை?

"யன்னல் கரை, ரைட்டோ?"

"ஓம், ரைட்" என்றார் சிவக்கொழுந்து. எட்டிப் பார்த்தாரா, பார்க்காமல் சொன்னாரா? இந்தக் கேள்வி பிறகு அவரை எத்தனை நாள் தூங்கவிடாமல் போட்டு ஆட்டியது என்று சொல்லி முடியாது. அந்த நேரத்தில் அவர் பிள்ளையின் கால் யாருடைய பைக்குள்ளோ மாட்டியதை எடுத்துக்கொண்டிருந்தார். டெனிஸ்ரன் தட்டினான். பஸ் போனது.

பிள்ளை அழவில்லை. பேர் கேட்டார். "கோபிகா" என்றது. அம்மா எங்கே என்று கேட்டார். "பஸ்ஸிலை" என்றது. இவருக்கும் அதுதான் எண்ணம். கடையிலிருந்து கொண்டுவந்த வடையில் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார். வேலணை தாண்டும் வரைக்கும் இருவரும் சந்தோசமாக வடை தின்றார்கள்.

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே கடல். கடலை அறுத்துக்கொண்டு நீளமாய் ஒரு ரோட்டு, ஊரில் எல்லாரும் அதைப் பாலம் என்போம். இரண்டு பக்கமும் தண்ணீர், ஓரத்துக்குக் கல்லும் மணலும். அதில் நடுவழி போயிருக்கும், பின்னாலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"ஆள் விழுந்திட்டுது! நிப்பாட்டு, நிப்பாட்டு!"

இராயப்பு அண்ணை பிறேக்கை அடித்தார். முன் சில்லு தார் ரோட்டை விட்டு மணலுக்குள் இறங்கியது. பஸ் இடது பக்கம் சாய்ந்து, சாய்ந்து, அப்படியே நின்றது. சிவக்கொழுந்தின் யன்னலில் வானமில்லை, ரோட்டில்லை, வெறும் தண்ணீர் மட்டும். பெண்கள் "அம்மாளாச்சி!" என்று குளறினார்கள். "ஒருத்தரும் அசையாதேங்கோ!" என்று ஒருவர், "இறங்குங்கோ, கெதியா இறங்குங்கோ!" என்று இன்னொருவர். எதைக் கேட்பது? சிவக்கொழுந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாருடைய காலிலோ மிதித்து, யாரோ இழுத்து, எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. ரோட்டில் நின்றபோது காலில் செருப்பில்லை, பிள்ளை மட்டும் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசர் பிடிக்கிற விளையாட்டு.

"ஆர் விழுந்தது?" என்று டெனிஸ்ரன் கேட்டான். கத்தினவர் யாரென்றே தெரியவில்லை. ஆள் விழுந்ததைக் கண்டேன் என்று ஒருவர். ஆளில்லை, சாக்கு என்று மற்றவர். சீலை பறந்ததைக் கண்ணால் கண்டேன் என்று ஒரு பெண் சத்தியம் பண்ணினாள். எங்கே வைத்துக் கண்டாய் என்றால், "பாலத்திலையோ, இல்லை வேலணையிலையோ" என்றாள். கண்டறியாத சத்தியம்!

சிவக்கொழுந்து பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். "இது ஆரின்ரை பிள்ளை? பிள்ளையின்ரை தாய் எங்கை?"

யாரும் வரவில்லை. "பிள்ளை, அம்மாவைக் காட்டு" என்றார். கோபிகா நீலச் சட்டைக்காரியைக் காட்டியது. அந்தப் பெண்ணுக்குக் கலியாணமே ஆகவில்லை. பிறகு ஒரு கிழவியைக் காட்டியது. பிறகு பஸ்ஸைக் காட்டியது. பஸ்ஸுக்குள் ஒருவருமில்லை.

அப்போதுதான் சிவக்கொழுந்துக்கு உறைத்தது. விழுந்தது ஆளென்றால், இந்தப் பிள்ளையின் தாயா? வாசலில் ஒற்றைக் காலில் தொங்கி வந்தவளா? ஐயோ, தாய் கடலுக்குள் கிடக்க, நான் இங்கே வடை தீத்திக்கொண்டா இருந்தேன்?

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெண்ணாகப் போய்க் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். மஞ்சள் நூல் எத்தனையோ கைகளில் இருந்தது, வெள்ளிக்கிழமை அல்லவா. தழும்பு ஒன்றிலும் இல்லை. "என்னக்கா, சாத்திரம் பாக்கிறீங்களோ?" என்று ஒருத்தி கையை இழுத்தாள். இவர் அடுத்தவளின் கையைப் பிடித்தார்.

பின்னால் நடந்து போனவர்கள் ஒரு பெண்ணின் செருப்பைக் கொண்டுவந்தார்கள். ரோட்டோரம் கிடந்ததாம். ஒற்றைச் செருப்பு. சிவக்கொழுந்து பிள்ளையோடு ரோட்டிலேயே குந்திவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்துக்குள்ளிருந்து அந்தக் கிழவி நொண்டிக்கொண்டு வந்தாள். "உது என்ரை செருப்பு. இறங்கேக்கை கழண்டது, ஆரோ காலாலை தட்டி விட்டிட்டினம். தாங்கோ இஞ்சை." வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

பிறகு சாக்கும் கிடைத்தது. ஏணியில் கட்டியிருந்த தேங்காய்ச் சாக்கு, பாதி கல்லில், பாதி தண்ணீரில். விழுந்தது அதுதான் என்று எல்லாரும் தீர்மானித்தார்கள். சரி, அப்படியென்றால் தாய் எங்கே?

"நீங்கள்தானே ரைட் சொன்னனீங்கள்" என்றான் டெனிஸ்ரன். குற்றம் சாட்டவில்லை, சும்மா நினைவுபடுத்தினான். அதுதான் கூடச் சுட்டது.

"நான் சொன்னனானோ?"

"ஓம் அக்கா. மண்கும்பானிலை."

"நீ ஏனடா அவ்வளவு சனத்தை ஏத்தினனி?"

"ஏத்தாமல் விட்டால் என்னைத்தானே அடிப்பினம்?"

இராயப்பு அண்ணை சில்லுக்குக் கல் வைத்துக்கொண்டு இருந்தவர் நிமிர்ந்தார். "இருக்கிறது ஒரு பஸ். ஏத்தினாலும் ஏச்சு, விட்டிட்டுப் போனாலும் ஏச்சு. நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ பாப்பம்." ஒருவர் குனிந்து சில்லுக்கு இன்னொரு கல் எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் ஏறினவர்கள்தானே.

வேலணைப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. மீன் வியாபாரியின் வண்டி, பின்னால் மீன்பெட்டி, பெட்டிக்கும் அவருக்கும் இடையில் ஒரு பெண். வண்டி நிற்க முன்பே குதித்தாள். தலை கலைந்து, முகமெல்லாம் புழுதியும் கண்ணீரும். ஓடி வந்து சிவக்கொழுந்தின் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பறித்தாள். பறித்த கையில் தழும்பு மினுங்கியது. பிள்ளையின் முதுகில் ஒரு அடி போட்டாள். பிறகு கட்டிப்பிடித்துக் குளறினாள். அதுவரை அழாத கோபிகா அப்போதுதான் வீரிட்டது.

அழுகை அடங்கியதும் அவள் சிவக்கொழுந்தைப் பார்த்தாள்.

"சனத்துக்குப் பின்னாலை நான் வாசலிலை ஒரு கால் வைச்சனான், அக்கா. உங்கடை சத்தம் கேட்டது. ஏன் போகச் சொன்னனீங்கள்?"

சிவக்கொழுந்திடம் மூன்று பதில்கள் இருந்தன. பிள்ளை உள்ளே வந்தால் தாயும் வந்ததென்று நினைத்தேன் என்று சொல்லலாம். எப்போதும் அப்படித்தானே என்று சொல்லலாம். நீ ஏன் முகம் தெரியாத ஒருத்தியிடம் பெற்ற பிள்ளையை நீட்டினாய் என்று திருப்பிக் கேட்கவும் கேட்கலாம். மூன்றும் சரியாகத்தான் இருந்தன, மூன்றும் பிழையாகவும் இருந்தன. அந்தப் பெண் பதிலுக்குக் காத்திராமல், கடைசிப் படகு போய்விடும் என்று மீன் வியாபாரியின் வண்டியிலேயே பிள்ளையோடு குறிகாட்டுவானுக்குப் போய்விட்டாள். நயினாதீவுப் படகு கிடைத்ததோ இல்லையோ, சிவக்கொழுந்துக்குத் தெரியவில்லை. பேர்கூடத் தெரியாது.

சில்லைத் தூக்கி பஸ்ஸை எடுத்ததும் சனம் என்ன செய்தது? எல்லாரும் திரும்ப அதே பஸ்ஸில் ஏறினார்கள். சிவக்கொழுந்தும் ஏறினார்.

வீட்டில் குலசிங்கத்துக்கு எல்லாம் சொன்னார். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்டார். "பிள்ளைக்கும் தாய்க்கும் ஒண்டும் இல்லைத்தானே?" என்றார். "இல்லை." "பிறகென்ன?" பிறகென்ன என்றுதான் சிவக்கொழுந்துக்கும் விளங்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எதையோ உடைத்துவிட்டது போலவே இருந்தது.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவர் மடியைக் கொடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி இருப்பார். நீட்டிய பை நீட்டியபடியே நிற்கும். "என்ன அக்கா, கோவமோ?" என்பார்கள். "சுகமில்லையோ?" என்பார்கள். "கொழுப்பு" என்று ஒருத்தி முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. "யன்னல் கரை, ரைட்டோ?" என்று டெனிஸ்ரன் கேட்பான், இவர் ஊமையாய் இருப்பார். பின் சீற்றிலிருந்து வேறு யாராவது "ரைட், ரைட்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் பார்த்துத்தான் சொன்னார்களா? அதுவும் தெரியாது. சொல்லாமல் விட்டால் மட்டும் குற்றம் இல்லாமல் போகுமா என்ன என்று ஒரு யோசனை வரும், கண்ணை மூடிக்கொள்வார்.

இன்னொரு வெள்ளிக்கிழமை வந்தது. அதே சரிவு, அதே நெரிசல், அதே "பின்னுக்கு இடமிருக்கு". மண்கும்பானில் பஸ் நின்றது.

யன்னலால் இரண்டு கைகள் வந்தன. நூல் வெளிறிப் போயிருந்தது, தழும்பு அப்படியே இருந்தது. கைகளில் கோபிகா.

"அக்கா, பிள்ளையைப் பி..." என்ற குரல் பாதியில் நின்றது. சிவக்கொழுந்து குனிந்து, முதல் தடவையாக, யன்னலுக்கு வெளியே முகத்தைப் பார்த்தார். சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவளும் இவரைக் கண்டுகொண்டாள். பிள்ளை யன்னலில் அரைவாசி உள்ளே, அரைவாசி வெளியே.

வாங்காதே என்று ஒரு மனம் சொன்னது. வாங்காவிட்டால் அவள் பிள்ளையோடு வாசலில் தொங்குவாள், அல்லது படகு போய்விடும். வாங்கினாலோ?

"கடைசிப் படகு, அக்கா" என்றாள் அவள், மெல்ல.

சிவக்கொழுந்து இடது கையால் பிள்ளையை உள்ளே இழுத்தார். வலது கையால் அந்தத் தழும்புக் கையை எட்டி, மணிக்கட்டோடு இறுக்கிப் பிடித்தார்.

"யன்னல் கரை, ரைட்டோ?"

"ரைட் இல்லை!" என்று கத்தினார் சிவக்கொழுந்து. அந்த பஸ்ஸில் யாரும் அதுவரை சொல்லாத சொல் அது. "ரைட் இல்லை! தட்டாதை! ஆள் வெளியாலை நிக்குது!"

"விடுங்கோ அக்கா, நான் வாசலுக்குப் போகவேணுமெல்லே" என்றாள் வெளியே நின்றவள்.

அதுவும் நியாயம்தான். விட்டால்தான் அவள் ஏறலாம். விட்டால் பஸ் போய்விடும். பிடித்திருக்கும்போது பஸ் எடுத்தாலோ, கடவுளே, அது இன்னும் மோசம். இதெல்லாம் சிவக்கொழுந்துக்கு விளங்கியது, ஆனால் விரல்கள் கழலவில்லை. "மாட்டன், மாட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸே அவரைப் பார்த்தது. "இதென்ன கூத்து!" என்றார் ஒருவர். இராயப்பு அண்ணை கண்ணாடியில் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

கடைசியில் பக்கத்தில் நின்றவர்கள் ஏசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அவளையே யன்னலால் இழுத்தார்கள். வெளியே நின்ற டெனிஸ்ரன் காலைத் தூக்கிவிட்டான். தலை வந்தது, தோள் வந்தது, பிறகு ஆள் முழுசாய்ச் சிவக்கொழுந்தின் மடியில் வந்து விழுந்தாள். மடியில் தாய், தாய்க்கு மேல் பிள்ளை. யாருடையதோ பை ஒன்று நடுவில் நசிந்தது.

"உம்மடை பேரென்ன, பிள்ளை?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் சிவக்கொழுந்து.

"கம்சிகா."

"ரைட்!" என்று கத்தினார். பஸ் வெளிக்கிட்டது.

பாலத்தில் ஏறியதும் பஸ் சரிந்தது, சரிந்தது இவர்கள் பக்கம்தான். பாலத்தைத் தாண்டினால்தான் மடத்துவெளி, சிவக்கொழுந்து இறங்கும் இடம். இப்போது தன்னால் பாரம் இன்னும் கூடியிருக்கிறது. செய்தது சரியா பிழையா என்று சிவக்கொழுந்துக்குப் பிடிபடவில்லை. யன்னலில் தண்ணீர் கிட்ட வந்து வந்து போனது. கோபிகா வடை இருக்கிறதா என்று கேட்டது.

"அக்கா, இனிக் கையை விடலாம்" என்றாள் கம்சிகா. "நான் உள்ளுக்கு வந்திட்டன்தானே."

சிவக்கொழுந்து குனிந்து பார்த்தார். அவள் மணிக்கட்டில் தன் விரல்கள் சிவப்பாய்ப் பதிந்திருந்தன.

"மடத்துவெளி வரட்டும்" என்றார்.